செபமாலையா, திருப்புகழ்மாலையா, வேத வாசிப்பா? தினமும் நிற்கக்கூடிய செபத்தைத் தெரிவு செய்தல்

தவக்காலம் நெருங்கும்போதும் புதுவருடம் பிறக்கும்போதும் திருகோணமலைப் பங்குகளிலும் சபைகளிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். வீட்டில் செபமாலை நின்றுபோய்ப் பல மாதமாகிவிட்டது, திரும்பத் தொடங்குவதா, வேறு ஏதாவது பிடிப்பதா? சீனக்குடாவில் இரவு முறை வேலை செய்பவருக்குக் காலைச் செபம் என்றால் எந்தக் காலை? கத்தோலிக்கப் பெண்ணும் மெதடிஸ்தப் பையனும் கலியாணம் முடித்தால் யாருடைய புத்தகத்தை விரிப்பது?

எல்லாம் நல்ல முறைதான், விருப்பமானதைச் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் அப்படிக் கேட்டுப் போகிறவர் செபமாலை, திருப்புகழ்மாலை (நாளின் வேளைகளுக்கென்று திருச்சபை வகுத்த செபம்), வேத வாசிப்பு, இரவு ஆன்ம சோதனை, காலைத் திருப்பலி என்ற ஐந்து முறையையும் ஒவ்வொரு கிழமை தொட்டுப் பார்த்துவிட்டு ஐந்தையும் விட்டுவிடுவார். ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எது அதிகம் புனிதமானது என்று தேடாதீர்கள். உங்கள் கிழமையில் ஆகக் களைத்துப்போகும் நாள் எது என்று பாருங்கள். அந்த நாளிலும் செய்யக்கூடிய ஒரு சின்ன வடிவம் எந்த முறைக்கு இருக்கிறதோ, அதைப் பிடியுங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

ஆகக் குறுகிய வடிவம். ஒரு முறைக்கு முழுதாக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். காய்ச்சல் நாளில், செத்தவீட்டு நாளில், கரண்ட் போன இரவில் அது எவ்வளவுக்குச் சுருங்கும் என்பதே முக்கியம். சுருக்கினால் உடைந்துபோகும் முறையும் உண்டு, மூன்று நிமிடமாகச் சுருங்கியும் செபமாகவே இருக்கும் முறையும் உண்டு.

தனியாகவா, ஆட்களோடா. குடும்பமாகச் செய்வது ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஒருவர் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிற்கும். தனியாகச் செய்வது யாரையும் பார்த்துக் கொண்டிருக்காது, ஆனால் விட்டாலும் கேட்பதற்கு ஆளில்லை.

எதில் கட்டப்பட்டது. ஆறு மணி என்று மணிக்கூட்டில் கட்டிய செபம் நேரம் மாறும் தொழிலில் நிற்காது. கடற்றொழிலாளர் வீடுகளில் இது நன்றாகத் தெரியும். மாரியில் கடல் குழம்பும்போது வள்ளங்கள் கரையில் நிற்கும், தகப்பன் பின்னேரம் வீட்டில் இருப்பார். கடல் அடங்கி இரவுத் தொழில் தொடங்கியதும் வீட்டின் பின்னேரமே வேறாகிவிடும்.

கையில் என்ன வேண்டும். புத்தகம், வெளிச்சம், இணையம், ஆலயத்துக்குப் போக ஓட்டோ. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாட்டு.

விட்டுப்போனால் என்ன ஆகும். மூன்று நாள் தவறியவர் நான்காம் நாள் எங்கே தொடங்குவது என்று முறையே சொல்ல வேண்டும். பாக்கி சேர்ந்துகொண்டே போகும் முறைகளில் கன பேர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

| முறை | முழு நேரம் | குறுகிய வடிவம் | கையில் வேண்டியது | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| குடும்பச் செபமாலை | 18–25 நிமிடம் | ஒரு பத்து (பத்துத் தரம் அருள் நிறைந்த மரியே), 3 நிமிடம் | செபமாலை | எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் |
| திருப்புகழ்மாலை | காலை அல்லது மாலை 12–15, இரவு 7–10 நிமிடம் | மனப்பாடமான இரவுச் செபம், 5 நிமிடம் | புத்தகம், வெளிச்சம் | பக்கம் தேடிப் பழக முதல் மாதம் போகும் |
| வேத வாசிப்பும் தனிச்செபமும் | 20–30 நிமிடம் | அன்றைய நற்செய்தி, 3–5 நிமிடம் | வேதாகமம், தனியிடம் | அட்டவணையில் பாக்கி, அதனால் வரும் குற்றவுணர்வு |
| இரவு ஆன்ம சோதனை | 10–15 நிமிடம் | நன்றி, மன்னிப்பு, நாளை: 2 நிமிடம் | ஒன்றும் தேவையில்லை | நித்திரை, சிலருக்குத் தன்னைத் தானே குத்தும் பழக்கம் |
| காலைத் திருப்பலி | 25–30 நிமிடம், போக்குவரத்து வேறு | இல்லை | ஆலயம் அருகில் | சுருக்க முடியாது |

## குடும்பச் செபமாலை

கத்தோலிக்க வீட்டில் ஏற்கெனவே எல்லோருக்கும் வாயில் இருக்கும் ஒரே முறை இது. புத்தகம் வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கண் தெரியாத அம்மம்மாவும் சமமாகச் சேரலாம். இந்தச் சமம் வேறு எந்த முறையிலும் இல்லை.

ஐந்து பத்து கொண்ட செபமாலையில் 53 அருள் நிறைந்த மரியே வரும். நிதானமாகச் சொன்னால் ஒன்றுக்குப் 12, 13 விநாடி. விசுவாசப் பிரமாணம், ஆறு கர்த்தர் கற்பித்த செபம், திரித்துவப் புகழ், கிருபைதயாபத்து எல்லாம் சேர்த்தால் 18 நிமிடம் வரை ஆகும். மரியாவைப் பல பெயர்களால் அழைக்கும் மாதா பிரார்த்தனையும் சேர்த்தால் இன்னும் ஐந்து நிமிடம். ஒவ்வொரு பத்திலும் இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்வைத் தியானிப்பதே மறையுண்மை. திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைகள். செவ்வாய், வெள்ளி துயர். புதன், ஞாயிறு மகிமை. வியாழன், 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறையுண்மைகள்.

செபமாலை நின்றுபோன வீடுகளில் காரணத்தைத் தேடினால் செபமாலையைக் குற்றம் சொல்ல இடமிருக்காது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவைதான் வீட்டைக் களைக்க வைத்திருக்கும். பெரியவர் முடித்ததும் அந்தோனியார் செபம், சூசையப்பர் செபம், நவநாள் செபம், அதற்குப் பிறகு ஊரில் உள்ள நோயாளர் ஒவ்வொருவர் பேராலும் ஒரு பரலோக மந்திரம். பதினெட்டு நிமிடம் முக்கால் மணித்தியாலமாகிவிடும். எட்டு வயதுப் பிள்ளை அதற்குத் தாங்காது. பிள்ளை நெளிய, தாய் அதட்ட, செபம் ஏச்சில் முடியும். இதற்கு மருந்து ஒன்றுதான்: மாதா பிரார்த்தனையோடு, அல்லது அதற்கும் முன்பே, சிலுவை அடையாளம் போட்டு எல்லோரையும் விட்டுவிட வேண்டும். மேலதிக செபங்களைப் பெரியவர் தனியாகத் தொடரட்டும்.

இரண்டாவது பழுது வேகம். நடத்துகிறவர் ஓட, பதில் சொல்கிறவர்கள் அவர் முடிக்கும் முன்பே "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று ஏறிவிழுவார்கள். ஒவ்வொரு பத்தையும் வேறு ஆள் நடத்தினால் வேகம் தானாகக் குறையும். சின்னப் பிள்ளைக்கு முதலாவது பத்தைக் கொடுங்கள். கடைசிப் பத்து வரும்போது அது நித்திரையாகியிருக்கும். நடத்தி முடித்த பிள்ளை நித்திரையானால் எழுப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது நேரம். ஏழு மணி என்று வைத்தால் ஏ.எல். பிள்ளை ரியூஷனில், தொலைக்காட்சியில் நாடகம், தகப்பன் பாதை வழியே. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் நிற்கும் இடம் இராச்சாப்பாட்டுக்கு உடன் முன்பான நேரம். பசி எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். இலங்கை நேரம் இரவு 8.30 என்றால் கட்டாரில் 6 மணி, துபாயில் 7 மணி. இலண்டனில் குளிர்காலத்தில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. கோடையில் இந்த இரண்டு ஊரிலும் ஒரு மணித்தியாலம் கூடும். வட்ஸ்அப் அழைப்பில் குரல் பிந்தி வரும் என்பதால் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னால் சந்தைச் சத்தம்தான். ஒரு பக்கம் நடத்த, மறுபக்கம் ஒருவர் மட்டும் பதில் சொல்ல, மற்றவர்கள் ஒலிவாங்கியை மூடிவைத்துச் சொல்ல வேண்டும். மாதா பிரார்த்தனையில் 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்த மூன்று அழைப்புகளில் ஒன்று, புலம்பெயர்வோருக்கு ஆறுதலாகிய அன்னையை அழைப்பது. பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிற வீடுகளில் அது இருக்காது. பேனையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

*எப்போது இதுவே சிறந்தது:* பிள்ளைகளும் முதியவர்களும் ஒரே கூரைக்குள் இருந்து, கிழமையில் ஐந்து நாளாவது இராச்சாப்பாட்டுக்கு ஒன்றுசேரும் வீடு. *எப்போது வேண்டாம்:* ஒருவர் மட்டும் விரும்பி மற்றவர்களை இழுக்க வேண்டியிருந்தால். அப்படியானால் ஒரு பத்து மட்டும் குடும்பமாக, மிச்சம் தனியாக.

## திருப்புகழ்மாலை

குருக்களும் துறவிகளும் மட்டும் சொல்வது என்று இதைக் கன பேர் தொடுவதில்லை. பொதுநிலையினரும் இதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே ஊக்கப்படுத்தியிருக்கிறது. சாரம் திருப்பாடல்கள்தான். நான்கு கிழமைக்கு ஒரு சுற்று. காலைப் புகழில் பாடல், திருப்பாடல், பழைய ஏற்பாட்டுப் பாடல், இன்னொரு திருப்பாடல், சிறு வாசகம், செக்கரியாவின் பாடல், மன்றாட்டு, கர்த்தர் கற்பித்த செபம். மாலையில் செக்கரியாவின் இடத்தில் மரியாவின் பாடலும், இரவில் சிமியோனின் பாடலும் வரும்.

இதன் பெரிய பலம், என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. மனம் வெறுமையாகக் கிடக்கும் நாளிலும் வார்த்தை ஆயத்தமாக இருக்கும். உங்களுக்கு மகிழ்ச்சியான நாளில் புலம்பல் பாடல் வரலாம். அதை இன்னொருவருக்காகச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளி இரவுக்கு உரியது திருப்பாடல் 88. ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடியும் பாடல். காணாமல் போனவரின் படம் சுவரில் தொங்கும் வீடு, 2004 மார்கழியில் கடல் ஆட்களைக் கொண்டுபோன வீடு இந்தக் கரையில் குறைவில்லை. அப்படியான வீட்டுக்கு அந்தப் பாடல் அந்நியமாக இருக்காது.

மறைவான செலவு முதல் மாதத்தில் இருக்கிறது. புத்தகத்தின் நான்கைந்து பக்க அடையாள நாடாக்களை மாற்றி மாற்றிப் பக்கம் தேடியே அலுத்துப்போகும். எந்தக் கிழமை என்ற குழப்பத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவம், உயிர்ப்பு ஆகிய காலங்கள் அல்லாத பொதுக்காலத்தில் அந்த வாரத்தின் எண்ணை நான்கால் வகுங்கள். மீதிதான் திருப்பாடல் கிழமை. 22ஆம் வாரம் என்றால் மீதி 2, இரண்டாம் கிழமை. மீதியே இல்லாவிட்டால் நான்காம் கிழமை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, உயிர்ப்பு ஞாயிறு ஆகியவற்றில் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

அடிக்கடி நடக்கும் பிழை, உற்சாகத்தில் எல்லா வேளைகளையும் ஒன்றாகப் பிடிப்பது. ஒரு வேளையோடு தொடங்க வேண்டும். எங்கள் பரிந்துரை இரவுச் செபம். அதிலும் ஒரு சலுகை இருக்கிறது: ஒவ்வொரு இரவும் வேறு வேறு பாடல் தேட விரும்பாதவர் ஞாயிறு இரவுக்குரிய திருப்பாடல் 91ஐ எல்லா இரவும் சொல்லலாம், மனப்பாடமாகச் சொல்ல வசதியாக இதைத் திருச்சபையின் வழிகாட்டலே அனுமதிக்கிறது. பதினாறே வசனம். ஒரு மாதத்தில் வாயில் வந்துவிடும், அதற்குப் பிறகு கரண்ட் போனாலும் கவலையில்லை.

அங்கிலிக்கன் சபையாருக்கு இதற்கு இணையான வழி 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. 150 சங்கீதங்களும் (திருப்பாடல்களின் மற்றப் பெயர்) மாதத்தின் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பிரிக்கப்பட்டிருக்கும். முதலாம் திகதி காலை சங்கீதம் 1 முதல் 5, மாலை 6 முதல் 8. திகதி தெரிந்தால் போதும், நாடாவும் வேண்டாம், வகுத்தல் கணக்கும் வேண்டாம். 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதம் 24ஆம் திகதி மாலையில் தொடங்கி 26 மாலை வரை துண்டு துண்டாக வரும். பாக்கி சேராது என்பது இதன் இன்னொரு நன்மை: ஐந்தாம் திகதி விட்டவர் ஆறாம் திகதி ஆறாம் நாளுக்குரியதைத்தான் சொல்வார்.

*எப்போது இதுவே சிறந்தது:* தனியாக இருப்பவர், சொந்தமாக வார்த்தை வராதவர், ஒழுங்கு பிடிக்கும் சுபாவமுள்ளவர். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முழுக் காலைப் புகழ் நடக்காது.

## வேத வாசிப்பும் தனிச்செபமும்

மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்து வீடுகளில் இதுதான் தாய்முறை. கத்தோலிக்கரும் இப்போது நிறையப் பேர் இதற்கு வருகிறார்கள்.

இங்கே பழுதாவது அநேகமாக அட்டவணையில். ஒரு வருடத்தில் முழு வேதாகமம் என்று தை மாதம் தொடங்குவார்கள். புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வருடத்துக்குள் முடியும். ஆதியாகமம் கதை, யாத்திராகமத்தின் பாதியும் கதை. மாசியில் லேவியராகமத்தின் பலிச்சட்டங்கள் வரும். அங்கே ஒரு நாள் விட, அடுத்த நாள் ஆறு அதிகாரம் பாக்கி, கிழமை முடிவில் இருபது. பங்குனியில் அட்டவணை வேதாகமத்துக்குள் மடிந்து கிடக்கும்.

தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல கணக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 கிழமை. சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்கும் நாள். அதுவும் அதிகம் என்றால் மாற்கு மட்டும், பதினாறு அதிகாரம். எந்த அட்டவணையிலும் திகதிகளை வெட்டிவிட்டு வெறும் கட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். திகதி போனால் பாக்கியும் போய்விடும்.

கத்தோலிக்கர் கவனிக்க வேண்டியது, புரட்டஸ்தாந்து அட்டவணையில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக் போன்ற ஏழு நூல்கள் இருக்காது; 66 நூலுக்கும் 73 நூலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அவர்களுக்கு அட்டவணையே தேவையில்லை. அன்றைய திருப்பலியின் நற்செய்தியை வாசித்தால் போதும். பங்கு நாட்காட்டியில் அதிகார எண் இருக்கும், வாசிக்க இரண்டு மூன்று நிமிடம்.

வாசித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் திணறுகிறார்கள். வாசித்து மூடினால் அது படிப்பு. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ சொன்ன நான்கு படி இன்றும் உதவும்: வாசித்தல், அசைபோடுதல், செபித்தல், பேசாமல் இருத்தல். நடைமுறையில், பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள், இரண்டாம் தரம் வாய்விட்டு. உங்களை நிறுத்திய ஒரு வரியோடு ஐந்து நிமிடம் இருங்கள். அந்த வரியைத் திருப்பி ஆண்டவரிடம் உங்கள் சொந்தப் பேச்சில் சொல்லுங்கள், திருகோணமலைப் பேச்சிலேயே. செபத்துக்கென்று தனித் தமிழ் தேடுகிறவர்கள் சீக்கிரம் வார்த்தை முடிந்து நிற்பார்கள்.

விண்ணப்பப் பட்டியல் மாதாமாதம் வளரும். ஒவ்வொரு நாளும் எல்லோருக்காகவும் என்றால் பெயர் வாசிக்கும் இடாப்பாகிவிடும். திங்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள், செவ்வாய் நோயாளர், புதன் சபை, வியாழன் பிள்ளைகளின் படிப்பு என்று கிழமைக்குப் பிரித்துவிடலாம். அவசரமான ஒன்றிரண்டு மட்டும் எல்லா நாளும்.

உண்மையான மறைவான செலவு இடம். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தால் தனிச்செபத்துக்கு எங்கே போவது? ஆண்கள் விடியக் கடற்கரைக்கு நடக்கலாம். விடிய அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அதிகாலைதான் செபத்துக்குரிய நேரம் என்று ஆண்களே பிரசங்கிக்கும்போது இது மறந்துபோகிறது. அந்தப் பெண்களுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீடு அமைதியாகும் எட்டரை மணி, அதிகாலையைவிட நல்ல நேரம். ஒரு கதிரையை அதற்கென்று வைத்து, வேதாகமத்தை விரித்தபடி அதில் விட்டுவிடுங்கள்.

*எப்போது இதுவே சிறந்தது:* வாசிக்கும் பழக்கமும் 20 நிமிடத் தனிமையும் உள்ளவர்; விசுவாசத்தில் கேள்விகள் உள்ள இளைஞர். களைத்த கண்ணோடு இரவு 10 மணிக்கு இதைத் தொடங்க வேண்டாம்.

## இரவு ஆன்ம சோதனை

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாகிப் பல பத்தாண்டுகள் இயேசு சபை ஆயர்களின் பொறுப்பில் இருந்தது. அவர்களுடைய அன்றாடச் செபமாகிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை இங்கே புது விடயமல்ல. ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்வது என்ற அளவில் மட்டும் மனதில் தங்கியிருக்கிறது.

படி ஐந்து: நாளுக்காக நன்றி, பார்க்க ஒளி கேட்டல், மணித்தியாலம் மணித்தியாலமாக நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். முறை வேலைக்காரருக்கு இதைப்போல் பொருந்துவது வேறில்லை. பெரியாஸ்பத்திரியில் இரவுக் கடமை முடித்து வரும் தாதிக்கு "நாள்" விடிய ஏழு மணிக்கு முடிகிறது, அப்போது செய்யலாம். பஸ்ஸிலும் செய்யலாம்.

கட்டிலில் படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாம் படிக்கு வரமாட்டீர்கள். இருந்து செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சின்னச் சின்னப் பிழைகளைப் பெரிதாக்கித் தன்னையே வதைக்கும் சுபாவம் உள்ளவருக்கு இந்த முறை கெடுதல் செய்யும். அவர்கள் நன்றியோடு நிறுத்தி, மிச்சத்தை ஆன்ம வழிகாட்டியோடு கதைத்த பிறகு தொடரட்டும். பெரிய இழப்புக்குப் பின் இரவில் நினைவுகள் அலைக்கழிக்கிறவர்களுக்கும் திருப்பாடல் போன்ற ஆயத்தமான வார்த்தைதான் பாதுகாப்பு.

## காலைத் திருப்பலி

தனியாகச் செபிக்க முடியாது என்று பல தரம் தோற்றவருக்கு நல்ல பதில். ஓய்வு பெற்றவர்கள், ஆலயத்திலிருந்து நடைதூரத்தில் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். தூரத்தில் இருப்பவர் மாத ஓட்டோக் கூலியைக் கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். இதற்குக் குறுகிய வடிவம் கிடையாது. எழும்பப் பிந்தினால் அன்றைக்கு ஒன்றுமில்லை. குரு மாறினாலும் நேரம் மாறினாலும் பழக்கம் ஆட்டம் காணும்.

நீரிழிவு உள்ளவர்கள் நற்கருணை உபவாசத்தை நினைத்துப் போகாமல் விடுவதுண்டு. உட்கொள்வதற்கு முன் ஒரு மணித்தியாலம்தான் உபவாசம். தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது. முதியவர்களையும் நோயாளரையும் அவர்களைப் பராமரிப்பவரையும் அந்த ஒரு மணித்தியாலமும் கட்டுப்படுத்தாது.

## போனில் வரும் வசனங்கள்

காலையில் வட்ஸ்அப் குழுவில் பூப்படத்தோடு வரும் வசனம் செபமாகாது. அது செபத்துக்கு அழைப்பு மட்டும். வேதாகமச் செயலி கையில் வேதாகமம் இல்லாத இடத்தில் நல்லது, ஆனால் மேலிருந்து ஒரு செய்தி விழுந்தால் கண் அங்கே போகும். விமான நிலைக்கு மாற்றிவிட்டு வாசியுங்கள். கடதாசி வேதாகமம் வீட்டில் இருக்கப் போனை எடுப்பதற்குக் காரணம் எதுவுமில்லை.

## எதில் கட்டுவது, எவ்வளவு நாள்

எந்த முறையானாலும் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தில் முடிச்சுப் போடுங்கள்: தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தவுடன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தவுடன், வலையை உதறி முடித்தவுடன். அயலில் கேட்கும் பாங்கும் கோயில் மணியும்கூட நினைவூட்டலாகலாம். ஆலய மணி கேட்கும் தூரத்தில் இருந்தால் காலை ஆறு, நடுப்பகல், பின்னேரம் ஆறு ஆகிய நேரங்களில் திரிகால செபம் இரண்டு நிமிடத்தில் முடியும். பிரதான செபம் விட்டுப்போன நாளிலும் அது நாளைத் தாங்கும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கதையை நம்பவேண்டாம். 2010இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக ஓடுவதற்கு நடுக்கணக்காக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை. தவக்காலத்தில் தொடங்கும் செபம் உயிர்ப்போடு நின்றுவிடுவது ஏன் என்பது இதில் விளங்கும். சாம்பல் புதனில் தொடங்குகிறவர் பெந்தெகொஸ்து வரை, அதாவது 95 நாள், என்று குறித்துக்கொண்டால் போதிய இடம் கிடைக்கும். அதுவரை முறையை மாற்ற வேண்டாம். இரண்டு நாள் அடுத்தடுத்துத் தவறினால் மூன்றாம் நாள் குறுகிய வடிவம் மட்டும். பாக்கி அடைக்கப் போகவேண்டாம். ஒரே கிழமையில் மூன்று தரம் தவறினால் முறையில் குற்றமில்லை, முடிச்சுப் போட்ட இடம் பிழை. அதை மாற்றுங்கள்.

## ஒரே வீட்டில் இரண்டு சபை

கத்தோலிக்க, மெதடிஸ்தக் கலப்புக் குடும்பங்கள் இங்கே சாதாரணம். செபமாலையை மெதடிஸ்த வீட்டுக்காரரிடம் திணித்தாலும், செபமாலையை விடச்சொல்லி மனைவியை நெருக்கினாலும் இரண்டும் ஒரு வருடம் தாங்காது. இருவருக்கும் பொதுவானது நிறைய இருக்கிறது: ஒரு சங்கீதம், ஒரு நற்செய்திப் பகுதி, கர்த்தர் கற்பித்த செபம். பத்து நிமிடம். மரியாவின் பாடல் இருவருடைய வேதாகமத்திலும் லூக்கா 1:46–55இல் இருக்கிறது. அதைப் பின்னேரச் செபத்தில் வைத்தால் யாருக்கும் மறுப்பிருக்காது.

முதலே பேசி முடிக்க வேண்டியவை இரண்டு. வாசிக்கும் மொழிபெயர்ப்பு ஒன்று: திருவிவிலியத்தின் 1995 பொது மொழிபெயர்ப்பா, பழைய பரிசுத்த வேதாகமமா. கிழமை மாறி மாறி என்றும் வைக்கலாம். மற்றது கர்த்தர் கற்பித்த செபத்தின் முடிவு. மெதடிஸ்தர் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர, கத்தோலிக்கர் அதற்கு முன்பே ஆமென் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு இரவும் அந்த இடத்தில் தடுமாறும். திருப்பலியிலும் அந்தப் புகழ்ச்சி சற்றுப் பின்னால் வருவதால் கத்தோலிக்கர் சேர்ந்து சொல்வதில் தடையில்லை. செபமாலை வேண்டுமென்றால் மனைவி அதைச் சொல்லும் இருபது நிமிடத்தில் கணவர் தன் அதிகாரத்தை வாசிக்கட்டும், பிறகு இருவரும் பொதுச் செபத்துக்கு வரட்டும். பிள்ளை பேசத் தொடங்கும் முன் எந்த வார்த்தைகளில் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்துவிடுங்கள். ஐந்து வயதில் மாற்றப்போனால் பிள்ளை இரண்டையும் கலந்துதான் சொல்லும்.